லோடு வண்டியில் மோட்டார் சைக்கிள்: பிடிக்க ஆள் வேண்டாம், கட்டக் கயிறு வேண்டும்

மளிகை வியாபாரத்தில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் ஒரு முறையாவது மோட்டார் சைக்கிளை லோடு வண்டியில் ஏற்றி அனுப்பியிருப்போம். கிளைக் கடைக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். போக வேண்டும், பையன் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், நின்று போன வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போக வேண்டும். காரணம் எதுவானாலும், "எப்படியும் லோடு போகிறது, அதிலேயே போட்டு விடலாம்" என்பதுதான் நம் வழக்கம். அந்தச் சிக்கனத்தில் தவறில்லை. ஏற்றிய பிறகு எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் கோளாறு. இதை எழுத நமக்குத் தகுதி வந்ததே, அந்தத் தவறை நாமே செய்ததால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குட்டி யானை வண்டியில் துவரம் பருப்பு, சர்க்கரை மூட்டைகள், டீத்தூள் பெட்டிகளோடு நம் கடை மோட்டார் சைக்கிளையும் ஏற்றினோம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஹேண்டில்பாரில் பழைய நார்க் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மூட்டை தூக்கும் தம்பி ஒருவரை, "பின்னாலே உட்கார்ந்து வண்டியைப் பிடிச்சுக்கப்பா" என்று சொல்லி அனுப்பி விட்டோம். வழியில் வேகத்தடையைக் கடைசி நேரத்தில் பார்த்த டிரைவர் பிரேக்கை அழுத்தினார். ஸ்டாண்டு விலகி, மோட்டார் சைக்கிள் முன்னே பாய்ந்து, பிடிக்கப் போன தம்பியின் கால்மேல் சாய்ந்தது. கணுக்கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் அவர் வேலைக்கு வர முடியவில்லை. டேங்க் மூடி வழியே கசிந்த பெட்ரோலில் நான்கு பெட்டி டீத்தூளும் போயிற்று.

முதலில் நாம் டிரைவரைத்தான் திட்டினோம். ஆஸ்பத்திரியில் அந்தத் தம்பியின் தாயார் நம்மைப் பார்த்து ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லவில்லை. "ஐயா, நீங்க சொன்னதைத்தான் அவன் செஞ்சான்" என்றார். வைத்தியச் செலவும் சம்பளமும் கொடுத்து விட்டோம். அந்த வார்த்தைக்கு மட்டும் இன்றுவரை நம்மிடம் பதில் இல்லை.

ஒரு மனிதன் பிடித்து நிறுத்தக் கூடிய பாரமா அது? நம் கணக்கிலேயே பார்ப்போம். அமெரிக்காவில் லாரிச் சரக்குகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பிரேக் போடும்போது சரக்கு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னே தள்ளும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பாதி எடை விசையோடு தள்ளும், அதைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது அந்த விதி. 110 கிலோ மோட்டார் சைக்கிள் என்றால் முன்னே 88 கிலோ. ஒன்றே முக்கால் மூட்டை சர்க்கரை ஒரே நொடியில் கையில் வந்து விழுவதற்குச் சமம். இப்போது வரும் புல்லட் 350 என்றால் 190 கிலோவுக்கு மேல். அது மூன்று மூட்டை. எந்தப் பயில்வானாலும் முடியாது. சரக்குப் பகுதியில் ஆளை உட்கார வைப்பது சட்டப்படியும் தவறு என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அங்கே மோட்டார் சைக்கிளை ஏற்றிச் செல்வதற்கென்றே 'டாய் ஹாலர்' என்ற இழுவை வண்டி இருக்கிறது. முன்பாதி வீடு போல, கட்டிலும் அடுப்பும் உண்டு. பின்பாதி மோட்டார் சைக்கிளுக்கு. பின்சுவரே கீழே இறங்கி ஏற்றுப் பலகையாகி விடும். அங்கே வசிக்கும் நம் சகோதரி மகன் அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நம் கண்ணில் பட்டது கட்டிலும் அடுப்பும் அல்ல. தரையில் பதித்திருந்த இரும்பு வளையங்கள்தான். கயிற்றைக் கண்ட இடத்தில் கட்டாமல், நாலு மூலைக்கும் உறுதியான ஓர் இடம் முதலிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சிறு லாரிகளிலும் பக்கப் பலகையை ஒட்டிக் கொக்கிகள் உண்டு. அவை துருப்பிடித்து ஆடுகின்றனவா என்று இழுத்துப் பார்க்காமல் கட்டுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நம் கடையில் கட்டும் முறையைச் சொல்கிறோம். குட்டி யானையின் தளம் ஏழடிக்குச் சற்று மேல். சாதாரண மோட்டார் சைக்கிள் ஆறரை அடி. ஆகவே நேராகவே நிற்கும், குறுக்கே சாய்க்க வேண்டியதில்லை. முன்சக்கரம் முன்பலகையில் நன்றாக முட்ட வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். ஸ்டாண்டு எதுவும் போடக் கூடாது. பலரும் இதை நம்ப மறுக்கிறார்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டால் பிரேக்கில் விலகும். சைடு ஸ்டாண்டு போட்டுக் கயிற்றை இறுக்கினால் ஸ்டாண்டு வளையும். வண்டி தன் இரண்டு சக்கரத்தில் நிமிர்ந்து நிற்க, நாலு பக்கக் கயிறுதான் அதைத் தாங்க வேண்டும்.

முன்பக்கக் கயிறு இரண்டையும் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தாங்கியில் கட்டி, முன்னும் கீழுமாக இழுக்க வேண்டும். ஹேண்டில்பார் நுனியிலோ, கண்ணாடியிலோ, இண்டிகேட்டரிலோ கட்டினால் உடைந்த பாகத்துக்குக் காசு கொடுக்க நேரிடும். இருபுறமும் மாறி மாறி இறுக்க வேண்டும். முன் ஷாக் அப்சார்பர் பாதி அளவு அமுங்கினால் போதும். ஆர்வக் கோளாறில் முழுதும் அமுக்கினால் ஆயில் சீல் போய்விடும்; அதையும் நாம் செய்து பார்த்திருக்கிறோம். பின்பக்கம் இரண்டு கயிறு, ஃபிரேமிலிருந்து பின்னும் கீழுமாக. கயிறு இரும்பு முனையில் உரசும் இடத்தில் கோணித் துண்டை மடித்து வையுங்கள். பெயின்டும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும்.

நார்க் கயிறு இதற்கு உதவாது. நைலான் கயிறு இழுபடும், ஓடும்போது தளரும். ரேட்செட் பெல்ட் நான்கு வாங்கி வைத்தால் எண்ணெய் டின், பீப்பாய் எல்லாவற்றுக்கும் பல ஆண்டு உழைக்கும். பெல்ட்டே ஆனாலும் ஒரு முறை கட்டினால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அமெரிக்க லாரி விதியில் முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், நிறுத்திக் கட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். நம் சாலைகளுக்கு 80 அதிகம். 20 கிலோமீட்டரில் டீ குடிக்க நிறுத்தும்போதே பார்க்கச் சொல்லி விடுகிறோம்.

பெட்ரோலை எடுத்து விடுங்கள். ரயில் பார்சல் ஆபீசில் டேங்கைக் காலி செய்யாமல் வண்டியை வாங்க மாட்டார்கள். நம் சொந்தச் சரக்குக்கு மட்டும் அந்த அக்கறை ஏன் இல்லை? பழைய வண்டிகளில் பெட்ரோல் காக்கை மூடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு விற்கும் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்தக் காக்கே கிடையாது. டீத்தூள், மாவு, சர்க்கரை ஏற்றிய வண்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றாமலிருப்பதே உத்தமம். வேறு வழியில்லை என்றால் நடுவே தார்ப்பாய் விரித்து, பருப்பு மூட்டையை அதன் பக்கம் அடுக்கலாம். தேயிலை மட்டும் கூடவே கூடாது. அது நெடியை இழுத்துக் கொள்ளும், வாடிக்கையாளர் வீட்டு அடுப்பில்தான் வெளியே விடும்.

இறக்கும்போதுதான் பலருக்கு அவசரம். நாலு கட்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்து விடுகிறார்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து முன் பிரேக்கை அழுத்திக் கொண்ட பிறகே கயிற்றைத் தொட வேண்டும். முதலில் பின்கட்டு, பிறகு முன்கட்டு. எட்டடிப் பலகை இல்லாமல் இறக்கக் கூடாது. நம் கடையில் இப்போது இந்த வேலைக்குப் பொறுப்பு அந்தத் தம்பிதான். அவர் கை வைத்து ஆட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே டிரைவருக்குச் சாவி கொடுக்கிறோம். சென்ற மாதம் நாமே கட்டிய ஒரு கட்டை அவர் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். நாம் ஒன்றும் பேசவில்லை.