முகத்தில் ஒளி பாய்ச்சும் முன்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் தோல் மருத்துவரின் அறைக்குக் கல்யாணப் பத்திரிகையும் கூடவே வந்துவிடும். "இன்னும் மூணு வாரம்தான் இருக்கு டாக்டர், லேசர் வச்சு எல்லாத்தையும் எடுத்துடுங்க." கன்னத்தைப் பார்த்தால் சீழ் கட்டிய பருக்கள் அடங்கவே இல்லை, அவற்றைச் சுற்றிக் கருமை படர்ந்திருக்கிறது. மெல்ல விசாரித்தால் விஷயம் வெளியே வரும். இணையத்தில் வாங்கிய எல்.இ.டி. மாஸ்க்கைத் தினமும் மாட்டியிருப்பார்கள். அல்லது பியூட்டி பார்லரில் 'பேக்கேஜ்' பேசி, என்ன கருவி என்றே தெரியாமல் முகத்தைக் காட்டியிருப்பார்கள். அதற்கும் முன்னால் மெடிக்கல் ஷாப் களிம்பு, அதற்கும் முன்னால் பாட்டி வைத்தியம். எல்லாம் முடிந்து கடைசியாக எங்களிடம். சமீபகாலமாக இப்படி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

ஒளி என்ன செய்யும், என்ன செய்யாது

ஒளி சிகிச்சை ஏமாற்று வேலை அல்ல. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-லேயே நோபல் பரிசு கிடைத்தது. பருவுக்குள் பெருகும் பாக்டீரியா, போர்ஃபிரின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. 415 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை அந்தப் பொருள் உறிஞ்சும்போது, அதனாலேயே பாக்டீரியா சாகிறது. 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளி இன்னும் ஆழமாக இறங்கி வீக்கத்தைத் தணிக்கும்.

அவ்வளவுதான். நீல ஒளி எண்ணெய்ச் சுரப்பை நிறுத்தாது. அடைபட்ட துவாரங்களைத் திறக்காது. கரும்புள்ளி, வெண்புள்ளி நிறைந்த முகத்தில் அதற்குப் பெரிய வேலையில்லை. நிறுத்தினால் பரு திரும்பும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் 71 ஆய்வுகளை அலசிப் பார்த்தது. பருவுக்கு ஒளி சிகிச்சை பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்லத் தரமான சான்று போதவில்லை என்றுதான் முடித்தது. எண்ணெய்ச் சுரப்பியையே குறிவைக்கும் 1726 நானோமீட்டர் லேசருக்கு 2022-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது உண்மை. அது படுக்கையில் படுத்துக்கொண்டே மாட்டும் மாஸ்க் அல்ல, மருத்துவமனைக் கருவி.

மாநிறத்துக்குத் தனிக் கணக்கு

விளம்பரங்களில் வரும் முகங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம் தோல் எந்தச் சீண்டலுக்கும் கறுத்துத்தான் பதில் சொல்லும். நீல ஒளிக்கும் அப்படியே. 415 நானோமீட்டர் ஒளி பட்ட நிறமுள்ள தோல் கறுத்ததையும், அந்தக் கருமை மூன்று மாதம் வரை நீடித்ததையும், 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் அப்படி நேரவில்லை என்பதையும் 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் கொடுத்த அளவு அதிகம்தான். ஆனால் பத்து நிமிடம் போடச் சொன்னதை, சீக்கிரம் ஆகட்டும் என்று ஒரு மணி நேரம் போட்டுக்கொள்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

கண்ணையும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்று, சில வகைக் கண் நோய் உள்ளவர்களுக்கும் ஒளிக்கூச்சம் தரும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் பாதிப்பு வரக்கூடும் என்று 2019-ல் தன் மாஸ்க்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பருவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் அப்படிப்பட்ட மருந்துதான்.

காதில் விழும் கதைகள்

"வெயில் பட்டா பரு காஞ்சிடும்." காயாது. முகம் கறுத்துவிடுவதால் பருவின் சிவப்பு கொஞ்ச நாள் மறைந்திருக்கும். பிறகு பருவும் இருக்கும், கருமையும் இருக்கும்.

"லேசர் அடிச்சா புற்றுநோய் வரும்." வராது. பருவுக்கும் தழும்புக்கும் பயன்படும் இந்த ஒளிகள் புற ஊதாக் கதிரும் அல்ல, எக்ஸ்ரேயும் அல்ல.

"எல்லா லைட்டும் லேசர்தான்." எல்.இ.டி. வேறு, விட்டு விட்டுப் பாயும் ஒளியான ஐ.பி.எல். வேறு, தழும்புக்கான கார்பன் டை ஆக்சைடு லேசர் வேறு. முடி எடுக்கும் கருவியை வைத்துக்கொண்டு 'தழும்பு லேசர்' என்று விற்கும் இடங்கள் இருக்கின்றன.

"ஒரே சிட்டிங்ல போயிடும்." தழும்புக்கான ஃப்ராக்‌ஷனல் லேசர் தோலில் நுண்துளைகளை இட்டு, நடுவே தொடாத தோலை விட்டுவைக்கிறது. அந்தத் தோலிலிருந்துதான் காயம் ஆறிப் புதுக் கொலாஜன் உருவாகும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவை. முடிவில் பள்ளம் குறையும், முகம் பளிங்காகாது. இன்னொன்று, ஆழமான குழிகளுக்கு லேசர் மட்டும் போதாது. சிலவற்றுக்கு அமிலத் துளி வைக்க வேண்டும், சிலவற்றுக்கு அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிட வேண்டும். பரு போன இடத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளி தழும்பே அல்ல. வெயிலைத் தடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் மங்கிவிடும். அதற்குப் போய்ப் பணம் கட்டித் துளை போட்டுக்கொள்கிறார்கள்.

"எலுமிச்சை தேய்ச்சா கறை போகும்." எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து கறுக்கும். பூண்டு விழுது தோலைச் சுட்டே விடும். பற்பசை, சோடா உப்பு எதுவும் பருவுக்கு மருந்தில்லை. "உடம்பு சூடு" என்று தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்தால், நெற்றியில் இறங்கிய எண்ணெயே புதுப் பருக்களைக் கொண்டுவரும். "கல்யாணம் ஆனா சரியாகிடும்" என்பதற்கு மருத்துவத்தில் இடமே இல்லை. அந்த நம்பிக்கையில் கழிந்த வருடங்களில்தான் குழிகள் விழுகின்றன.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ஸ்டெராய்டு கலந்த களிம்புகளால். "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டுச்சு" என்று வாங்குகிறார்கள். ஒரு வாரம் முகம் வெளுத்துப் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, விட்டால் எரியும், போட்டால் பரு பெருகும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவிட்டது. கடையில் இன்றும் கேட்டால் கிடைக்கிறது. அப்படி மெலிந்த தோலின்மீது லேசரும் அடித்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பரிசோதனை

பருவுக்குப் பின்னால் ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, மாதவிலக்கு தள்ளிப்போகிற, முகத்தில் முடி வளர்கிற பெண்களுக்கு ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் செய்வோம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் தேவையில்லை.

கெஞ்சிக் கேட்பவை

பருவைக் கிள்ளாதீர்கள். தழும்புக்கு எத்தனை லேசர் வந்தாலும், வராமல் தடுப்பதற்கு ஈடாகாது. அடாபலின், பென்சாயில் பெராக்ஸைடு போன்ற மலிவான மருந்துகள் வேலை காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தாம் நாள் டியூபைத் தூக்கிப் போடாதீர்கள். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின் மாத்திரையைத் தோழியிடம் வாங்கிச் சாப்பிடவே சாப்பிடாதீர்கள். கர்ப்பத்தில் அது சிசுவைச் சிதைக்கும்.

லேசர் தேவை என்று முடிவானால், யார் செய்யப்போகிறார், என்ன கருவி, மாநிறத் தோலில் செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். காதோரம் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதுப் பருக்கள் வருவது நின்ற பிறகே தழும்பில் கைவைக்க வேண்டும். செய்த பின் சன்ஸ்கிரீன் இல்லாமல் வாசல்படி தாண்டாதீர்கள்.

அம்மாக்களிடம் ஒன்று. "வயசுப் பரு, தானாப் போயிடும்" என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டில் உட்காரவைக்காதீர்கள். கட்டியாக, வலியோடு பரு வந்த அந்த மாதமே அழைத்து வாருங்கள். கல்யாணம்தான் கவலை என்றால், நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு வாருங்கள். ஆறு மாதம் இருந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மூன்று வாரத்தில் எதுவும் இல்லை.