குழந்தைக்கான பாதுகாப்பு உத்தரவும் மருத்துவமனையும்

வீட்டில் நிகழ்ந்த வன்முறையால் காயமுற்ற குழந்தைக்குச் சிகிச்சை அளிக்கும்போது, உடன் வரும் தாய்மார்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "அவர் இங்கேயும் வந்துவிட்டால் என்ன செய்வது?" என்பதாகும். இதற்குச் சட்டம் தரும் விடையே பாதுகாப்பு உத்தரவு. அதனைப் பெறும் வழியையும், பெற்றபின் செய்ய வேண்டியவற்றையும் இங்கே விளக்குகிறோம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன்படி, பாதிக்கப்பட்ட தாய் தனக்கும் 18 வயது நிறைவடையாத தன் பிள்ளைக்கும் பாதுகாப்புக் கோரி நடுவர் நீதிமன்றத்தில் மனு அளிக்கலாம். தத்துப் பிள்ளையும் வளர்ப்புப் பிள்ளையும் இதில் அடங்குவர். பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் மனு அளிக்கலாம். தமிழ்நாட்டில் அவரை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் அணுகலாம். மனு கிடைத்த 3 நாட்களுக்குள் முதல் விசாரணை நடைபெறுவதே சட்டம் வகுத்த பொதுவிதி. ஆபத்து உடனடியானது எனில், தாயின் பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையில், எதிர்த்தரப்பை விசாரிக்கும் முன்னரே நடுவர் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம்.

வன்முறை கூடாது என்பதோடு உத்தரவு நின்றுவிடுவதில்லை. தொலைபேசியிலோ கடிதத்திலோ தொடர்புகொள்வதையும், குழந்தையின் பள்ளிக்குள்ளும் அது வழக்கமாகச் செல்லும் பிற இடங்களுக்குள்ளும் நுழைவதையும் அது தடைசெய்யலாம். மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் குழந்தைக்கு மருத்துவமனையும் அத்தகைய இடமே. ஆகவே, தொடர் சிகிச்சை பெறும் குழந்தையெனில், மருத்துவமனையின் பெயரையும் மனுவில் சேர்க்குமாறு வழக்கறிஞரிடம் கூறுங்கள். குழந்தையைத் தாயின் தற்காலிகப் பொறுப்பில் ஒப்படைக்கவும், மற்றவர் வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்காகும் எனில் அதனை மறுக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு.

உத்தரவின் நகல் கட்டணமின்றி வழங்கப்படும். உரிய காவல் நிலையத்திற்கும் அனுப்பப்படும். அதனை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆயினும், உங்கள் கைப்பையில் இருக்கும் உத்தரவு எங்கள் வாயிற்காவலருக்குத் தெரியாது. உத்தரவு எதுவும் இல்லாதபோது, பெற்றோர் ஒருவரை வாய்மொழியின் பேரில் மட்டும் தடுத்து நிறுத்துவது எங்களுக்கு எளிதன்று. எனவே, குழந்தையைச் சேர்க்கும்போதே நகலைச் செவிலியரிடம் அளியுங்கள். யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதையும் தெரிவியுங்கள்.

உத்தரவு கிடைக்கும்வரை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. புகார் அளிக்கவில்லை என்னும் காரணத்தால் மருத்துவ உதவியை மறுக்கலாகாது என்பது இச்சட்டத்தின் விதி. காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். "படியில் விழுந்தான்" என்று பதிவானால், பின்னர் நீதிமன்றத்தில் அப்பதிவே உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவதும் உங்கள் உரிமை.

பெற்றோர் இருவரிடமுமே பாதுகாப்பு இல்லாத குழந்தைக்கு வேறு வழி உண்டு. 1098 என்னும் எண்ணில் எவரும் தகவல் தரலாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அதன் பாதுகாப்பைக் குறித்துக் குழு முடிவெடுக்கும். பாலியல் குற்றம் எனத் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை. குடும்ப மானம் கருதி விட்டுவிடுமாறு கேட்டாலும் எங்களால் அதற்கு இணங்க இயலாது. குழந்தையின் அடையாளம் வெளியாகாமல் காப்பதும் சட்டத்தின் கட்டளையே.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே எனத் தயங்க வேண்டா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவி அளிக்கிறது. எங்கு தொடங்குவது எனத் தெரியாவிடில், குழந்தையைக் கவனிக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியே பேச வேண்டும் என்று மட்டும் கூறுங்கள்.