பாதி வேகம், நான்கு மடங்கு தூரம்

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் மினசோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். கோடை வந்தால் அலுமினியத்தில் செய்த சின்னச் சின்னப் படகுகளில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். பெட்ரோல் எஞ்சின் ஓடும் சத்தத்தில் மீன்கள் விலகிப் போய்விடக்கூடும். அதனால் மீன் இருக்கும் இடம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, சத்தமில்லாத சின்ன மின்மோட்டார் ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். 1934-இல், பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் இப்படியொரு மோட்டாரைச் செய்து பார்த்தார். ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து, ஒரு தண்டையும் விசிறியையும் அதில் பொருத்தினார். காரைக் கிளப்பிய மோட்டார் படகைத் தள்ளத் தொடங்கியது!

அமெரிக்காவில் குடிநீர் எடுக்கும் ஏரிகள் சிலவற்றில் பெட்ரோல் எஞ்சினுக்கு அனுமதியே இல்லை. போவதும் வருவதும் மின்மோட்டாரில்தான். நடு ஏரியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் கரை வரைக்கும் துடுப்புதான் கதி. அதனால் அங்கே மீன் பிடிப்பவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். வாருங்கள், அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

படகில் இருப்பது 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1200 வாட்-மணி. மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் 50 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 × 50 = 600 வாட். அப்படியானால் 2 மணி நேரம் ஓடுமா? அவசரப்படாதீர்கள். இது ஈய அமில பேட்டரி. அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே நாம் செலவழிக்கக்கூடியது 600 வாட்-மணிதான். முழு வேகத்தில் 1 மணி நேரம். படகு மணிக்கு 6 கிலோமீட்டர் போனால், மொத்தம் 6 கிலோமீட்டர்.

இப்போது வேகத்தைப் பாதியாக்குங்கள், மணிக்கு 3 கிலோமீட்டர். மின்சாரமும் பாதியாகக் குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். 600 வாட் எங்கே, 75 வாட் எங்கே! 600 வாட்-மணியை 75-ஆல் வகுத்தால் 8 மணி நேரம். 8 மணி நேரத்தில் 24 கிலோமீட்டர். அதே பேட்டரி, அதே படகு, ஆனால் நான்கு மடங்கு தூரம்.

ஏன் இப்படி? இடுப்பளவு தண்ணீரில் நடந்து பார்த்திருப்பீர்கள். மெல்ல நடந்தால் தண்ணீர் வழிவிடும். ஓட முயன்றால் பிடித்துத் தள்ளும். படகுக்கும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு நொடியும் அது முன்னால் இருக்கும் தண்ணீரை ஒதுக்கவேண்டும். வேகம் 2 மடங்கானால், நொடிக்கு ஒதுக்கவேண்டிய தண்ணீர் 2 மடங்கு. அந்தத் தண்ணீரை விலக்கும் வேகமும் 2 மடங்கு. ஆக எதிர்ப்பு 2 × 2 = 4 மடங்கு. அதோடு நிற்கவில்லை. 4 மடங்கு எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு ஒரு நொடியில் 2 மடங்கு தூரம் போயாக வேண்டும். 4 × 2 = 8. மோட்டார் கேட்கும் வாட் 8 மடங்காவது இதனால்தான். மூன்று மடங்கு வேகத்துக்கு எத்தனை மடங்கு வாட் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். விடை 27 வரவேண்டும். உண்மையான ஏரியில் காற்று, அலை, படகின் வடிவம், விசிறியின் அமைப்பு எல்லாம் சேர்ந்து இந்த எண்களைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றும். ஆனாலும் வேகம் கூடக்கூட மின்சாரம் பாய்ச்சலாக ஏறும் என்பது மாறாது.

மெல்லப் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஈய அமில பேட்டரியின் மேல் 100 என்று எழுதியிருப்பது, 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் நிதானமாக எடுப்பவருக்குச் சொன்ன எண். ஒரேயடியாக 50 ஆம்பியர் இழுத்தால், உள்ளே ஈயத் தகடுகளின் நுண்ணிய துளைகளில் இருக்கும் அமிலம் தீர்ந்துவிடும். வெளியிலிருந்து புதிய அமிலம் ஊறி வர நேரம் பிடிக்கும். அதற்குள் பேட்டரி களைத்துவிடும். எழுதிய அளவு நம் கைக்கு வராது. ஆகவே முழு வேகத்துக்கு நாம் போட்ட 1 மணி நேரமும் உண்மையில் இன்னும் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தக் களைப்பு மிகவும் குறைவு. 80 விழுக்காட்டுக்கு மேலும் தைரியமாகச் செலவழிக்கலாம். எடையும் ஏறக்குறைய பாதிதான். விலைதான் கூடுதல்.

மோட்டாரின் வேகத்தைக் குறைப்பதிலும் பழைய முறை, புதிய முறை என்று உண்டு. பழைய மோட்டார்களில் மின்சாரத்தை ஒரு கம்பிச் சுருள் வழியே விட்டு வேகத்தைக் குறைப்பார்கள். மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தச் சுருளில் வெப்பமாக வீணாகும். இப்போதைய கருவிகளோ மின்சாரத்தை ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை நிறுத்தி நிறுத்தி விடுகின்றன. நிறுத்திய நேரத்தில் செலவே கிடையாது. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் மோட்டாரை ஓட்டுபவர்களும் உண்டு. அதே 600 வாட்டுக்கு 25 ஆம்பியர் போதும். வயரில் வீணாகும் வெப்பம் நான்கில் ஒன்றாகிவிடும்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈய அமில பேட்டரி என்றால் மோட்டாரை நிறுத்தி, சிறிது நேரம் ஓய்வு கொடுத்து வோல்ட்மீட்டரில் பார்க்கலாம். 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஓடும்போது பார்த்தால் எண் இறங்கித் தெரியும், பயந்துவிடக் கூடாது. லித்தியம் பேட்டரியில் இந்த வித்தை பலிக்காது. கிட்டத்தட்ட தீரும் வரைக்கும் வோல்ட் ஒரே அளவில் நிற்கும், பிறகு சட்டென்று விழும். அதனால் வெளியே போன ஆம்பியர்-மணிகளை ஒவ்வொன்றாக எண்ணும் தனி மீட்டரைப் பொருத்துவார்கள்.

காலையில் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள் என்று நான் சொல்வேன். பேட்டரி நிறைந்திருக்கும்போதே கடினமான வழியை முடித்துவிட்டால், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். ஆனால் ஏரியில் காற்று திசை மாறக்கூடியது. ஆகவே போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு என்று, பேட்டரியில் செலவழிக்கக்கூடிய அளவை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

கரைக்கு வந்த அன்றைக்கே சார்ஜ் போட்டுவிட வேண்டும். பாதி தீர்ந்த ஈய அமில பேட்டரியை அப்படியே வைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. மினசோட்டாவில் குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடும். முழு சார்ஜ் இருக்கும் பேட்டரியின் அமிலம் −50 டிகிரியிலும் உறையாது. தீர்ந்துபோன பேட்டரிக்குள் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர்தான். −10 டிகிரி அளவிலேயே அது பனிக்கட்டியாகி, பெட்டியைப் பிளந்துவிடும்.