கோடுகள் நடக்கும் ஊர் – 9: ஆணி எங்கே?

கணினியில் ஒரு மின்விசிறியை வரைகிறீர்கள். மூன்று இறக்கை, நடுவில் ஒரு குமிழ். சுழலச் சொல்லிக் கட்டளை தருகிறீர்கள். விசிறி நின்ற இடத்தில் நிற்காமல் திரையின் மூலையைச் சுற்றிப் பெரிய வட்டமடிக்கிறது. பாதி நேரம் கண்ணிலேயே படுவதில்லை. வெக்டர் அசைவூட்டம் பழக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இந்தக் கூத்தைப் பார்த்துவிடுவார்கள்.

இதில் கணினியின் தவறு ஒன்றும் இல்லை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001 செப்டம்பரில் தரமாக அறிவித்த எஸ்விஜி என்ற வெக்டர் பட முறையில், திரையின் மேல் இடது மூலைதான் எல்லா அளவுக்கும் தொடக்கம். அங்கிருந்து வலப்பக்கம் போகப்போக முதல் எண் கூடும். கீழே இறங்க இறங்க இரண்டாவது எண் கூடும். சுழற்று என்று மட்டும் சொன்னால், எதைச் சுற்றி என்ற கேள்விக்கு அந்த மூலையையே அது விடையாக எடுத்துக்கொள்கிறது. விசிறியின் நடுப்புள்ளி (200, 150) என்று வையுங்கள். மூலையைச் சுற்றி 90 பாகை திருப்பினால் அது (–150, 200) என்ற இடத்துக்குப் போய்விடும். அதாவது திரையின் இடது ஓரத்துக்கு 150 அலகு வெளியே.

தீர்வு சிறியது. கோணத்தோடு மையத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ரொட்டேட்(90, 200, 150). இப்படிச் சொன்னதும் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. விசிறியின் நடுப்புள்ளி மூலைக்கு வரும்படி படத்தை நகர்த்துவது, அங்கே வைத்துத் திருப்புவது, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடுவது. எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அடியில் இருப்பது இந்த மூன்று படிதான்.

கட்டளை இவ்வளவுதான். அந்த இரண்டு எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கஷ்டம். விசிறிக்கு நடுப்புள்ளி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மற்றவற்றுக்கு? கொஞ்சம் ஊர் சுற்றிப் பார்ப்போம்.

கீலும் கொக்கியும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் சாலையில், 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு இருக்கிறது. வானவில்லை உடைத்துப் பூசியதுபோல் நிறங்கள் கொண்ட அந்த வீட்டின் முன் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. நமக்கு வேண்டியது நிறமல்ல, சன்னல் கதவுகள். ஒரு கதவு திறப்பதை அசைவாக்க வேண்டுமானால், அது கீல் இருக்கும் ஓரத்தைப் பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். தட்டையான படத்தில் கதவைச் சுழற்ற முடியாது. அகலத்தைக் குறைத்துத்தான் திறப்பதுபோல் காட்டுவோம். 60 பாகை திறந்த கதவு, நேர் எதிரே நின்று பார்க்கிறவருக்கு ஏறக்குறையப் பாதி அகலமாகத் தெரியும். அந்தச் சுருக்கத்துக்கும் ஒரு மையம் வேண்டும். கீல் ஓரத்தை மையமாக்கினால் கதவு திறக்கும். நடுவை மையமாக்கினால் கதவு சட்டத்தை விட்டுக் கழன்று, அந்தரத்தில் மெலிந்துபோகும்.

சிராங்கூன் சாலைக்கு வந்தால் வீரமாகாளியம்மன் கோயில். வாசல் கதவுகளில் வரிசையாகச் சிறு மணிகள். உள்ளே போகிறவர்கள் கையால் தட்டிவிட்டுப் போவார்கள். மணியின் வடிவத்துக்கு ஒரு நடு உண்டு. ஆனால் மணி அதைச் சுற்றி ஆடுவதில்லை. தொங்கும் கொக்கியைச் சுற்றி ஆடுகிறது. நீளமான சங்கிலியில் தொங்கும் மணியானால் ஆடும் புள்ளி மணியின் வடிவத்துக்கு வெளியே, மேலே எங்கோ இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் பலருக்குப் புரிபடத் தாமதமாவது இதுதான்: சுழல் மையம் படத்துக்குள் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மணியின் நாக்குக்கோ இன்னொரு மையம், மணிக்கு உள்ளே, மேல் வளைவில். மணி ஒரு பக்கம் போகும்போது நாக்கு சற்றுப் பின்தங்கிப் போகும். இரண்டையும் ஒரே மையத்தில் ஒன்றாகக் கட்டி ஆட்டினால் நாக்கு மணியில் படவே படாது.

இனி ஏதாவது ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்துக்குப் போவோம். வண்டி வந்தால் உயரும் தடுப்புக் கம்பத்தைப் பாருங்கள். 300 அலகு நீளத்தில் அதை வரைகிறீர்கள். முனையிலிருந்து 30 அலகு தள்ளி அது தூணில் பொருத்தப்பட்டிருக்கிறது. மென்பொருளோ படத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி போட்டு, அதன் நடுவை மையமாக நீட்டும். அதாவது 150இல். அப்படியே விட்டால் கம்பம் விமானத்தின் முன்விசிறிபோல் சுழலும்.

இந்தச் சுற்றுப்பெட்டி இன்னொரு தொல்லையும் தரும். வலைப்பக்கத்தில் சாதாரணப் பெட்டிகள் தங்கள் நடுவைச் சுற்றியே திரும்பும். எஸ்விஜிக்குள் இருக்கும் வடிவங்கள் மூலையைச் சுற்றித் திரும்பும். டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸ் என்ற பண்புக்கு ஃபில்-பாக்ஸ் என்று மதிப்புக் கொடுத்தால்தான் வடிவத்தின் சொந்தப் பெட்டி கணக்கில் வரும். அதன்பின் டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜின் என்ற பண்பில் 10 சதவீதம், 50 சதவீதம் என்று சொன்னால் நம் கம்பத்தின் மையம் சரியாக அமையும். ஆனால் கம்பத்தின் நுனியில் நாளைக்கு ஒரு சிவப்பு விளக்கைச் சேர்த்தால் பெட்டி நீண்டுவிடும், சதவீதம் பொய்யாகிவிடும். இதற்கு ஒரு கைவினை வழி உண்டு. சரியான மையத்தில் ஊசியை ஊன்றி, வடிவம் முழுவதும் உள்ளே அடங்கும்படி ஒரு பெரிய வட்டம் போட்டு, அதற்கு நிறமும் கோடும் இல்லாமல் செய்து, இரண்டையும் ஒரே குழுவாகக் கட்டிவிடுங்கள். குழுவின் பெட்டிக்கு நடு எதுவோ, அதுவே உங்கள் மையம். வட்டத்துக்குள் எதைச் சேர்த்தாலும் பெட்டி அசையாது. வட்டத்தை டிஸ்பிளே-நன் என்று மறைத்துவிடாதீர்கள். மறைத்தால் பெட்டிக் கணக்கிலிருந்தும் அது போய்விடும்.

இரண்டு படம் போதும்

சில நேரம் பொருள் நம் முன் இருக்காது. அது அசைந்த காணொளி மட்டும் இருக்கும். கீல் எதன் பின்னாலோ மறைந்திருக்கும். அப்போது வடிவியல் கைகொடுக்கும். ஒரு தட்டையான வடிவம் உருமாறாமல் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் திரும்பியிருந்தால், அந்த இரண்டு நிலைகளையும் இணைக்கிற சுழல் மையம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் மிஷெல் ஷால் விளக்கிய உண்மை இது. கண்டுபிடிக்கும் வழி எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த காம்பஸ் வேலை.

அசைவின் இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பொருளில் எளிதில் அடையாளம் தெரியும் ஒரு புள்ளியை எடுங்கள். முதல் படத்தில் அது இருந்த இடத்தையும் இரண்டாவது படத்தில் வந்து சேர்ந்த இடத்தையும் கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டின் நடுவில் செங்குத்தாக இன்னொரு கோடு நீட்டுங்கள். வேறொரு புள்ளிக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு செங்குத்துக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே மையம்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, அடுத்தடுத்த படங்களை எடுக்காதீர்கள். திரும்பிய கோணம் மிகச் சிறிதானால், கை ஒரு மயிரிழை பிசகினாலும் வெட்டுப் புள்ளி எங்கோ ஓடிவிடும். அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் எடுங்கள். இரண்டாவது, நீங்கள் எடுக்கும் இரண்டு புள்ளிகளும் மையத்தோடு ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. தடுப்புக் கம்பத்தின் நடுக்கோட்டிலேயே இரண்டு புள்ளி எடுத்தால் இரு செங்குத்துக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். வெட்டும் இடமே கிடைக்காது. கம்பம் போன்றவற்றுக்குச் சுருக்குவழி உண்டு. கிடந்த நிலையில் நடுக்கோட்டை நீட்டுங்கள், நிமிர்ந்த நிலையிலும் நீட்டுங்கள். அச்சு நடுக்கோட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் அது இருக்கும்.

சில சமயம் செங்குத்துக் கோடுகள் இணையாகவே போகும், சந்திக்கவே சந்திக்காது. அதுவும் ஒரு பதில்தான்: அங்கே சுழற்சியே இல்லை, வெறும் நகர்வு. பரதநாட்டியத்தில் சுந்தரி என்ற கழுத்தசைவு இதற்கு நல்ல சான்று. கே.பி. பாஸ்கர் 1952இல் தொடங்கிய பாஸ்கர்ஸ் ஆர்ட்ஸ் அகாடமி, நீலா சத்யலிங்கம் 1977இல் தொடங்கிய அப்சராஸ் ஆர்ட்ஸ் என்று, சிங்கப்பூரில் பரதம் வேரூன்றித் தலைமுறைகள் ஆகின்றன. அந்த மேடைகளில் பார்த்திருப்பீர்கள்: தலை சாய்வதில்லை, முகம் நேரே பார்த்தபடி இருக்க, இடமும் வலமும் வழுக்கிப் போகும். இதை அசைவாக்க வந்தவர் தலையைக் கழுத்தில் சுழற்றினால், ஆடும் பெண் சரி சரி என்று தலையாட்டுவதுபோல் ஆகிவிடும். இங்கே வேண்டியது இடமாற்றம் மட்டும். முழங்கால் இன்னும் சிக்கல். அரைமண்டியில் மடங்கும்போது எலும்புகள் உருண்டு வழுக்குவதால் மையமே சற்று இடம் மாறும். ஆனால் படத்துக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஒரே புள்ளி போதும்.

பாவைக்காரர்களின் பாடம்

மூட்டுக்கு மையம் குறிக்கும் கலையைக் கணினி கண்டுபிடிக்கவில்லை. மலாய், ஜாவா மரபின் வாயாங் கூலிட் தோல்பாவைகளுக்குத் தோளிலும் முழங்கையிலும் மூட்டு உண்டு. கையில் கட்டிய குச்சியை அசைத்தால் இரண்டு மூட்டும் சேர்ந்து மடங்கும். நம் தோல்பாவைக் கூத்திலும் கைகால்கள் தனித்தனித் துண்டுகளாக வெட்டி முடிச்சிட்டு இணைத்தவைதான். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் 1926இல் இளவரசர் அஹ்மதின் கதையை முழுநீள நிழற்படமாக எடுத்தபோது, அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டிக் கம்பியால் மூட்டினார். இன்று கணினியில் குழுவுக்குள் குழு வைத்து நாம் செய்வதும் அதே வேலை.

அவர்களிடம் படிக்க ஒரு நுட்பம் இருக்கிறது. மேற்கையும் முன்கையும் சந்திக்கும் இடத்தில் இரு துண்டுகளின் முனையும் வட்டமாக இருக்க வேண்டும். இரண்டு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். மையம் அந்த வட்டங்களின் நட்டநடுவில் அமைய வேண்டும். அப்போது எந்தக் கோணத்தில் மடக்கினாலும் இடைவெளி தெரியாது. முனையைச் சதுரமாக வெட்டினால், மடக்கியதும் வெளிப்பக்கம் பிளந்து காட்டும். ஆக, மையத்தை முதலில் குறித்துக்கொண்டு அதைச் சுற்றித்தான் கையை வரைய வேண்டும். வரைந்து முடித்தபின் மையம் தேடுகிறவருக்கு வேலை இரட்டிப்பு.

பெரிய சக்கரம்

கடைசியாக மரினா பே பக்கம். சிங்கப்பூர் ஃபிளையரின் உச்சி 165 மீட்டர், சக்கரத்தின் விட்டம் 150 மீட்டர். அப்படியானால் மையம் தரையிலிருந்து 90 மீட்டர் உயரத்தில். ஒரு மீட்டருக்கு ஓர் அலகு என்று வைத்து, தரையை 190 என்ற கோட்டில் போட்டால், மேலிருந்து கீழே எண்ணும் எஸ்விஜி கணக்கில் மையம் 100இல் விழும், உச்சி 25இல். இந்தச் சக்கரத்தில் மையம் ஒன்றல்ல, 29. நடுவில் ஒன்று, 28 கூண்டுகளுக்கும் ஆளுக்கொன்று. பெரிய சக்கரம் முன்னோக்கித் திரும்பும்போது, ஒவ்வொரு கூண்டும் தன் சொந்த மையத்தில் அதே அளவு பின்னோக்கித் திரும்பியாக வேண்டும். அந்த எதிர்ச்சுழற்சியை மறந்தால் உச்சிக்குப் போன பயணிகள் தலைகீழாக நிற்பார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 30 நிமிடம், நொடிக்கு 0.2 பாகை. திரையில் அந்த வேகத்தில் விட்டால் படம் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள், கூட்டிக்கொள்ளுங்கள்.

2008இல் திறந்த இந்தச் சக்கரம், அதே ஆண்டு ஆகஸ்டில் திசை மாறிச் சுழலத் தொடங்கியது. நிதி மாவட்டத்தின் செல்வத்தை வெளியே தள்ளுகிறது என்று ஃபெங் சுயி பார்ப்பவர்கள் சொன்னதுதான் காரணம். நம் கட்டளையில் அது ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறும் வேலை. மையம் அப்படியே இருக்கும்.

திசை, வேகம், கோணம் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை. மையம் தவறினால் மற்ற எதுவும் அதை ஈடுகட்டாது. மென்பொருள் நீட்டும் நடுப்புள்ளி, வடிவத்தின் வெளிவிளிம்பை அளந்து சொன்ன விடை. பொருள் எதில் கட்டுண்டிருக்கிறது, எதில் தொங்குகிறது, எதில் முளையடித்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் தெருவில் அசையும் ஐந்து பொருள்களைப் படம் எடுங்கள். கணினியைத் திறக்கும் முன், ஒவ்வொரு படத்திலும் சுழல் மையத்தைப் பேனாவால் குறியுங்கள். ஒன்றுக்காவது மையம் படத்துக்கு வெளியே இருக்கட்டும். ஒன்றுக்காவது மையமே இல்லாமல் இருக்கட்டும்.

அடுத்த வாரம், எந்தப் புள்ளியிலும் திரும்பாமல் உடல் முழுதும் வளைகிற பொருள்கள். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை போகும் தைப்பூசக் காவடிகளின் மயிலிறகில் தொடங்குவோம்.