இரண்டு வளையங்களால் ஆன புல் மருந்து



புல்லுக்கு அடிக்கும் மருந்துகளில் டைகுவாட் ஒன்று. அது எப்படி உருவாகிறது தெரியுமா?

பிரிடின் என்பது ஒரு திரவம். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு வளையம். ஐந்து கார்பன் அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் அதில் கைகோத்து நிற்கின்றன. ரானே நிக்கல் என்னும் நுண்துளைகள் நிறைந்த உலோகத்துடன் பிரிடினைச் சூடாக்கினால், இரண்டு வளையங்கள் ஆளுக்கொரு ஹைட்ரஜன் அணுவை விட்டுவிட்டு ஒன்றாக இணைகின்றன. கல்யாணத் தரகர் சேர்த்து வைப்பார், குடும்பம் நடத்த வரமாட்டார் அல்லவா? நிக்கலும் அப்படித்தான். இதனைக் கிரியாஊக்கி என்கிறோம்.

இணைந்த வளையங்களோடு எத்திலீன் டைபுரோமைடு சேர்ந்தால் டைகுவாட் கிடைக்கும். வெயிலில் இலை உணவு தயாரிக்கும்போது எழும் எலெக்ட்ரான்களை இது பறித்து ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அப்படி மாறிய ஆக்சிஜன் இலையின் உயிரணுக்களைச் சிதைக்கிறது.

மனித உடலையும் இது விடுவதில்லை. விழுங்கினால் சிறுநீரகம் கெடும். இதன் உடன்பிறப்பான பாராகுவாட் நுரையீரலைக் கெடுக்கும். அதனை மலேசியா 2020 ஜனவரி முதல் தடை செய்தது. இரண்டுக்கும் முறிமருந்து கிடையாது.

ஆகவே, மிஞ்சிய மருந்தைச் சோடா போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.