மின்னேற்றியின் பழுதறிதல்

தில்லி மெட்ரோ நிலையங்களின் வாயில்களில் மின் ரிக்‌ஷாக்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பகல் முழுவதும் ஓடிய வண்டியை இரவில் மின்னேற்றியோடு இணைத்து வைப்பார்கள். வழக்கில் நாம் சார்ஜர் என்று அழைக்கும் கருவியே மின்னேற்றி. இரவெல்லாம் அது சரியாக வேலை செய்தால்தான் மறுநாள் வண்டி ஓடும். விடியற்காலையில் பேட்டரி ஏறவில்லை என்று கண்டால், ஓட்டுநரின் அன்றைய வருமானம் போயிற்று. அவர் முதலில் குறை கூறுவதும் மின்னேற்றியைத்தான். ஆனால், குறை எப்போதும் அதனிடம் இருப்பதில்லை. கடன் வாங்கிப் புதிய மின்னேற்றி வாங்கிய பின்னும் பழைய தொல்லையே தொடர்வதுண்டு.

பழுதைத் தேடுவதற்கு முன் கருவியின் பணியை அறிதல் வேண்டும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட்டு மாறுமின்னோட்டம். பேட்டரி ஏற்பதோ ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டம். பழைய வகை மின்னேற்றியில் மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. நான்கு டையோடுகள் சேர்ந்த திருத்தி மின்னோட்டத்தை ஒரே திசையில் செலுத்துகிறது. மின்னோட்டம் அளவு கடந்தால் உருகி அறுந்து கருவியைக் காக்கிறது.

பழுதறியும் வேலை வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். மின்னேற்றியின் விளக்கு எரியவில்லையா? அதே மின்குதையில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் மின்னேற்றியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. விளக்கு எரிந்தால், மின்னேற்றியின் செருகியைப் பாருங்கள். அதன் முனைகள் கருத்திருந்தால் இணைப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது என்று பொருள். பின்பு, பேட்டரிக்குச் செல்லும் கம்பியைக் கவனியுங்கள். நாள்தோறும் வளைந்து நிமிரும் இடத்தில், மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கக்கூடும். பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தாலும் மின்னோட்டம் தடைப்படும்.

அடுத்துப் பேட்டரியை ஆராய வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மின் ரிக்‌ஷாவில் பொதுவாக 12 வோல்ட்டு ஈய அமிலப் பேட்டரிகள் நான்கு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு மின்கலங்கள் உண்டு. ஒரு மின்கலம் ஏறத்தாழ 2.1 வோல்ட்டு தரும். ஆகவே, நன்கு ஏறிய பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 அல்லது 12.7 வோல்ட்டு காட்டும். நான்கையும் சேர்த்து அளந்தால் மட்டும் போதாது. தனித்தனியே அளக்க வேண்டும். மூன்று பேட்டரிகள் 12.6 காட்ட, ஒன்று மட்டும் 10.5 காட்டினால், அதில் ஒரு மின்கலம் கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம். அந்நிலையில் எத்தனை மின்னேற்றிகளை மாற்றினாலும் வண்டி முன்போல் ஓடாது.

பேட்டரிகள் நான்கும் ஒத்திருந்தால் மின்னேற்றியின்மேல் ஐயம் கொள்ளலாம். அதனை இணைத்து இயக்கியபடியே மொத்த மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது மெல்ல உயர்ந்து, ஏற்றம் நிறைவை நெருங்கும்போது 57 வோல்ட்டு அளவை எட்டவேண்டும். முள் சிறிதும் அசையவில்லையெனில் பழுது கருவிக்குள்ளேதான் இருக்கிறது.

இனி வருவது பயிற்சி பெற்ற பணியாளரின் வேலை. அவர் முதலில் உருகியைப் பார்ப்பார். அது அறுந்திருந்தால், அறுந்த காரணத்தையும் தேடுவார். சிலர் உருகிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். இது மிகக் கொடிய பழக்கம். அடுத்த முறை எரிவது மின்மாற்றியாகவோ வீடாகவோ இருக்கலாம். டையோடு ஒரு திசையில் மின்னோட்டத்தை விட்டு, மறுதிசையில் தடுக்க வேண்டும். இரு திசையிலும் விட்டால் மின்மாற்றி குறுக்கிணைப்புக்கு உள்ளாகி உருகி மீண்டும் மீண்டும் அறும். ஒரு டையோடு திறந்துபோனால் வேறு வகையான தொல்லை நேரும். விளக்கு எரியும்; கருவியும் இயங்கும்; ஆனால், பாய வேண்டிய மின்னோட்டத்தில் ஏறத்தாழப் பாதியே பாய்வதால் விடியும்வரை வைத்தும் பேட்டரி நிரம்பாது. முனைகளை மாற்றி இணைத்ததாலும் டையோடுகள் எரிந்திருக்கலாம். சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை.

எடை குறைந்த புதிய வகை மின்னேற்றிகளை நீங்கள் திறக்கவே கூடாது. அவற்றின் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், செருகியைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கும். மேலும், அவற்றுள் சில, பேட்டரி இணைந்திருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரம் தரும். வெறும் முனைகளில் அளந்து, சுழி காட்டுகிறது என்று குப்பையில் எறியப்பட்ட நல்ல கருவிகளும் உண்டு!

ஏற்றம் நிறைவை நெருங்கும்போது பேட்டரியிலிருந்து ஐதரசன் வளி வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே ஒரு பொறியில் தீப்பற்றும். ஆகவே, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் மின்னேற்ற வேண்டும். பேட்டரியை இணைத்த பின்னரே மின்குதையின் விசையைப் போட வேண்டும். கழற்றும்போது விசையை முதலில் அணைக்க வேண்டும்.

பழுது நீங்கிய கருவியை ஓரிரவு சோதித்துப் பார்ப்பது வழக்கம். அம்மீட்டரின் முள் தொடக்கத்தில் உயர்ந்து நின்று, பேட்டரி நிரம்ப நிரம்பத் தாழ்ந்துவர வேண்டும். விடியும்வரை அது தாழாமல், பேட்டரியும் தொட முடியாதபடி சுட்டால், பணியாளர் மூடியை மறுபடியும் திறக்க வேண்டியதுதான்.