கட்டைவிரலும் காப்புரிமையும்

எங்கள் வீட்டு டிவி கேமில் மரியோ இடப்பக்கம் திரும்ப மறுத்தால் நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன். கன்ட்ரோலரைத் திறந்தால் சிலுவை வடிவப் பட்டனுக்கு அடியில் ரப்பர் துண்டு, அதில் நான்கு கரும்புள்ளிகள். உள்ளே இருக்கும் போர்டைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து மூடினால் மரியோ மறுபடி ஓடுவான். பன்னிரண்டு வயதில் கற்ற வேலை அது.

அந்தச் சிலுவைப் பட்டன், 1982-இல் வந்த டாங்கி காங் கைக்கேமுக்காக நின்டெண்டோவின் குன்பே யோக்கோய் அமைத்தது. நான்கு திசைக்கும் ஒரே துண்டு. நடுவில் ஊன்றி நிற்பதால் ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும்பிவிடும். இடமும் வலமும் சேர்ந்து அழுந்தாது. கண் திரையிலேயே இருக்க, விரல் திசையை அறியும். 1987-இல் அமெரிக்கா அதற்குக் காப்புரிமை தந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் அது. சோனி தன் பிளேஸ்டேஷனுக்கு நான்கு தனிப் பட்டன்கள்போலத் தோன்றும் வேறு வடிவத்தைச் செய்துகொண்டது.

மென்பொருள் காப்புரிமைதான் உறுத்துகிறது. சிடியிலிருந்து கேம் ஏறும்வரை வெறும் திரையைப் பார்த்துக் காத்திருந்த காலத்தில், ரிட்ஜ் ரேசர் கேமில் நாம்கோ நிறுவனம் அந்த நேரத்துக்குப் பழைய காலாக்ஸியன் கேமை விளையாடக் கொடுத்தது. அருமையான யோசனை. ஆனால் ஏறும் நேரத்தில் ஒரு துணை ஆட்டம் என்பதற்கே 1998-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, 2015 வரை வைத்திருந்தது. இத்தனைக்கும் காமடோர் 64 கணினியில், கேசட் ஓடும்போதே குட்டி ஆட்டம் ஆடும் வசதி 1980களிலேயே இருந்தது. ஒரே கிளிக்கில் பொருள் வாங்குவதற்கு அமேசான் 1999-இல் பெற்ற காப்புரிமையும் இந்த ரகம்தான். வெறும் கணினி நிரலுக்கும் வணிக முறைக்கும் காப்புரிமை கிடையாது என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் காப்புரிமை தடுக்காத எளிய வசதியும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. போன மாதம் அம்மாவுக்காக ஓர் இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பினேன். இருபது கட்டங்கள். பின்கோடில் ஓர் எண் தவறியதும் இருபதும் காலியாகின. மூன்றாம் முறையும் அப்படியே ஆனபோது, ஆதார் அட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “போதும்ப்பா, நேர்லயே போயிக்கலாம்” என்று எழுந்துவிட்டார்.

தட்டியதை அழியாமல் வைத்திருக்கும் வசதியை இங்கே யாரும் காப்புரிமை போட்டுப் பூட்டிவைக்கவில்லை. இணையதளம் செய்கிறவர்களே, ஒரு கட்டம் தவறினால் அதை மட்டும் சிவப்பில் காட்டுங்கள். மற்ற பத்தொன்பதைத் தொடாதீர்கள்.